சும்மா கால்

தேயாத தாங்கியாக இருந்து இந்தச் சங்கத்தின் சுழற்சியைச் சுமந்துகொண்டிருக்கும் தலைவர் அவர்களே. ஒரு திருகாணி கேட்டாலும் ஒரு டப்பாவையே கவிழ்த்துத் தேடித் தரும் உதிரிபாகக் கடைப் பெரியவர்களே. நான் மேடை ஏறினால் சீக்கிரம் இறங்கமாட்டேன் என்று தெரிந்தும் ஒலிபெருக்கியை என் கையில் கொடுத்த செயலாளர் அவர்களே. ஈரத் தரையில் முழங்கால் ஊன்றி உழைத்து, இன்று ஒரு நாள் மட்டும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் வாஷிங் மெஷின் மெக்கானிக்குகளே, என் தொழில் தோழர்களே. ஊரார் வீட்டு மெஷின் எல்லாம் ஓடும்போது, மெக்கானிக்கைக் கட்டிக்கொண்ட பாவத்துக்காக உங்கள் வீட்டு மெஷின் மட்டும் ஓடாமல் கிடப்பதைப் பொறுத்துக்கொண்டிருக்கும் தாய்மார்களே. உங்கள் அனைவரின் திருமுன்னும், 'டிரம்' என்று உங்களால் அன்போடு அழைக்கப்படும் இந்த எளியவன் தலை தாழ்த்தி வணங்குகிறேன்.

தாய்மார்கள் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்கிறது. ஆண்கள் பக்கம் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. அப்படியென்றால் நான் சொன்னது உண்மைதான்.

எனக்குத் தரப்பட்ட தலைப்பு, 'இன்றைய டாப் லோடு மெஷின்களில் அடிக்கடி வரும் கோளாறுகள்'. எதைச் சொல்வேன், எதை விடுவேன்? தண்ணீர் வந்தாலும் தகராறு, தண்ணீர் போனாலும் தகராறு, தண்ணீர் தேங்கினால் தெருவுக்கே தகராறு. தண்ணீர் உள்ளே வரவில்லையா? வால்வின் வாயில் இருக்கும் சின்ன வலையில் உப்பு படிந்து வாயடைத்துப் போயிருக்கும். தண்ணீர் வெளியே போகவில்லையா? பம்பின் வயிற்றுக்குள் சட்டைப் பொத்தானும் கொண்டை ஊசியும் குடித்தனம் நடத்திக்கொண்டிருக்கும். மூடியை மூடிய பிறகும் மூடவில்லை, மூடவில்லை என்று முரண்டு பிடிக்கிறதா? மூடிக்குக் கீழே இருக்கும் சுவிட்ச் மூச்சை விட்டிருக்கும். பிழியும்போது ஊளையிடுகிறதா? பேரிங்குக்குள் தண்ணீர் புகுந்து பல நாள் ஆகியிருக்கும். ஒன்றுமே செய்யாமல் எல்லா விளக்கையும் ஒரே நேரத்தில் சிமிட்டிக் காட்டுகிறதா? போர்டு போய்விட்டது. போர்டு போனால் பொறுமை போகும், பொறுமை போனால் வீட்டில் பேச்சுவார்த்தையே போகும்.

முன்பெல்லாம் மெஷினுக்கு ஒரு குமிழ் இருந்தது. திருகினால் ஓடும், திருகாவிட்டால் ஓடாது. இப்போது மெஷினுக்கு மூளை வைத்திருக்கிறார்கள். வைத்ததில் தவறில்லை தோழர்களே, ஆனால் மூளையை எங்கே வைத்தார்கள்? பொங்குகிற தண்ணீருக்கு நேர் மேலே வைத்தார்கள். கரண்ட் ஏறினால் அதற்குத் தலைவலி, இறங்கினால் தலைவலி, குளிருக்கு ஒதுங்கிய ஒரு பல்லி உள்ளே போய்ப் படுத்துவிட்டால் ஒரேயடியாக மயக்கம். அதைக் கழற்றிப் பார்த்தால் பழுது பார்க்க வழியில்லாமல் பிசின் ஊற்றி மூடியிருக்கிறார்கள். ஈரத்துக்குப் பயந்து ஊற்றினார்களா, நமக்குப் பயந்து ஊற்றினார்களா? அது ஊற்றியவர்களுக்குத்தான் வெளிச்சம்.

செயலாளர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். பார்க்கட்டும். நான் இன்னும் துவைக்கவே ஆரம்பிக்கவில்லை, இப்போதுதான் தண்ணீர் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

இத்தனை கோளாறும் இருக்க, நம்மை எல்லாவற்றையும்விட அதிகமாக மாடி ஏறவைக்கிற கோளாறு எது? வால்வு அல்ல, பம்பு அல்ல, போர்டும் அல்ல. ஒரு பாகமும் உடையாமல் வருகிற கோளாறு அது. துணி ஒரு பக்கமாக ஒதுங்கிவிட்டால் பிழியும்போது தொட்டி ஆடும். ஆடி ஆடி வெளிக்கூட்டை இடிக்கும். தட தட தட என்று இடித்து, தனக்குத் தானே பயந்து நின்று, பீப் பீப் என்று கூப்பிடும். போய்த் திறந்து பார்த்தால் உள்ளே ஒரே ஒரு கனத்த போர்வை நனைந்து ஒரு மூலையில் சுருண்டு கிடக்கும். நாம் என்ன செய்வோம்? அதற்கு எதிர்ப்பக்கம் இன்னொரு துணியைப் போடுவோம். அதற்கு நம் தொழிலில் ஒரு பெயர் வைத்திருக்கிறோம். பின்வரிசையில் யாரோ சொல்கிறீர்கள், உரக்கச் சொல்லுங்கள். ஆம், எதிர்த்துணி. எதிர்த்துணி போட்ட உடனே ஆடின தொட்டி அடங்கும், அழுத மெஷின் சிரிக்கும். துணிக்குத் துணை இன்னொரு துணி. எழுதிப் பாருங்கள், துணி என்பதற்கும் துணை என்பதற்கும் நடுவே ஒரே ஓர் எழுத்துதான் வித்தியாசம்.

இனி வருகிறேன் விஷயத்துக்கு. இந்தக் கூட்டம் முடிவதற்கு முன்னால் நீங்கள் கை தூக்க வேண்டிய தீர்மானம் ஒன்று இருக்கிறது. கூப்பிட்ட வீட்டுக்குப் போய்ப் பார்த்து, மெஷினில் ஒரு கோளாறும் இல்லையென்றால் அதை நாம் 'சும்மா கால்' என்று சொல்வோம். திரும்பத் திரும்பச் சும்மா கால் வருகிற வீட்டுக்கு இனி யாரும் போகவேண்டாம் என்பது தீர்மானம். கொண்டுவந்தவர் நம் பெல்ட்டு தம்பி. தம்பி மேல் எனக்குக் கோபம் இல்லை. வெயிலில் வண்டி ஓட்டி, மாடி ஏறி, மூச்சு வாங்கி, கடைசியில் 'ஒண்ணுமில்ல' என்று திரும்பினால் யாருக்குத்தான் வயிறு எரியாது? தம்பி, நீ சிரிக்கிறாய், சிரி. நீ யாரை மனத்தில் வைத்து இதைக் கொண்டுவந்தாய் என்று எனக்கும் தெரியும், இந்த அரங்கத்துக்கும் தெரியும்.

மூன்றாம் மாடி அம்மா.

பாருங்கள், பெயரைச் சொல்லாமலே எத்தனை பேர் பெருமூச்சு விடுகிறீர்கள். அந்த வீட்டுக்கு முதன்முதலில் போனவன் நான்தான். அதனால் நான் சொல்லித்தான் ஆகவேண்டும்.

குறுகலான படி. படி முடிகிற இடத்தில் கதவு. கதவைத் திறந்தால் ஒரு நடை, நடையின் கோடியில் மெஷின். ஒரு பக்கம் சமையலறை, மறுபக்கம் ஒரு கட்டில் மட்டும் போட்ட அறை. அவ்வளவுதான் வீடு. அந்த அம்மா ஓய்வு பெற்றவர், தனியாள். என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"மெக்கானிக், இது கதவைத் தட்டுது."

"எதும்மா?"

"மெஷின்தான். அடுப்படியில நின்னுட்டிருந்தேன். வாசக் கதவை யாரோ தட்டுற மாதிரி இருந்துச்சு. ஓடி வந்து திறந்தேன். யாரும் இல்ல. மூடிட்டுப் போனா மறுபடியும் தட்டுது. மறுபடியும் திறந்தேன். மாடிப்படி வரைக்கும் எட்டிப் பார்த்தேன். அப்புறம்தான் புரிஞ்சுது, தட்டுறது வெளியில இல்ல, வீட்டுக்குள்ளன்னு."

சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே மெஷினைத் திறந்தேன். அன்றைக்கு வந்தது உண்மையான கோளாறு தோழர்களே, சும்மா கால் அல்ல. தொட்டியைத் தாங்கித் தொங்குகிற கம்பிகளில் ஸ்பிரிங் இளைத்துப் போயிருந்தது. மாற்றினேன். ஓட்டிக் காட்டினேன். தொட்டி பம்பரமாகச் சுற்றியது, சின்னச் சத்தம்கூட இல்லை. அம்மா பக்கத்தில் வந்து நின்று கவனித்தார். "இப்போ தட்டலை" என்றார். சந்தோஷமாகத்தான் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டு பையை மூடினேன்.

பிறகு மறுபடியும் கால் வந்தது. தட்டுகிறது, நின்றுவிடுகிறது என்றார்கள். போனேன், திறந்தேன். உள்ளே ஒரே ஒரு போர்வை. நாம் எல்லா வீட்டிலும் சொல்வதைத்தான் அங்கேயும் சொன்னேன். "அம்மா, மெஷின் நல்லாத்தான் இருக்கு. நீங்க ஒத்தைப் போர்வையைப் போடுறீங்க, அதான் ஆடுது. ஜோடியாப் போடுங்க."

அந்த அம்மா சண்டை போடவில்லை. மெஷினைக் குறை சொல்லவில்லை. மெதுவாகச் சொன்னார்.

"ஒரு ஆளுக்கு ஒரு போர்வைதானே தம்பி?"

மெக்கானிக் என்று கூப்பிட்டவர் அந்த இடத்தில்தான் தம்பி என்று கூப்பிட்டார். வாடிக்கையாளரிடம் பேசப் பயிற்சி கொடுத்தவர்கள் இதற்குப் பதில் சொல்லிக் கொடுக்கவில்லை. ஒரு பெரிய துண்டையாவது கூடப் போடுங்கள், எதிர்த்துணி வேண்டும் என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். அவர் உள்ளே போய் டீ கொண்டுவந்தார். எனக்குக் கோப்பையில் கொடுத்துவிட்டு, மாவு அளக்கிற டம்ளரில் தான் குடித்தார்.

என்ன சொல்கிறீர்கள் பின்னால்? "எனக்கும் டீ குடுத்தாங்க" என்கிறீர்களா? கொடுத்திருப்பார். எதில் கொடுத்தார்? கோப்பையில். அவர் எதில் குடித்தார் என்று பார்த்தீர்களா? பார்த்திருக்கமாட்டீர்கள், நாம் எல்லோரும் அவசரக்காரர்கள். அந்த வீட்டில் ஒரே ஒரு கோப்பைதான் இருந்தது. அந்த வீட்டுக்கு இரண்டாவது கோப்பை தேவைப்பட்டதே இல்லை.

டீ குடிக்கிற நேரத்தில்தான் தெரிந்தது, அவர் தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுத்துக்கொண்டிருந்தவர் என்று. பலகையில் கம்பியைச் செருகி, இந்தக் கோடியில் இருப்பவரை அந்தக் கோடியில் இருப்பவரோடு பேசவைத்தவர். யார் யாரையோ பேசவைத்தவருக்குப் பேச ஆள் இல்லை. அக்கா மகன் ஒருவன் வெளியூரில் இருக்கிறானாம், ஏதாவது வேலை இருந்தால் கூப்பிடுவானாம். குறையாகச் சொல்லவில்லை. "அவனுக்கும் ஆயிரம் ஜோலி" என்று அவனுக்காக அவரே பேசினார்.

அவர் சொன்ன இன்னொன்றையும் கேளுங்கள். "அப்பல்லாம் அவசரம், அவசரம்னு லைன் கேக்குறவங்க சட்டுனு பேசி வெச்சுடுவாங்க தம்பி. 'ஒண்ணுமில்ல, சும்மாதான் கூப்பிட்டேன்'னு ஆரம்பிப்பாங்க பாருங்க, அவங்கதான் லைனை விடவே மாட்டாங்க."

நான் அதைக் கேட்டுச் சிரித்தேன். நம் தொழிலில் சும்மா கால் என்றால் வேறு அர்த்தம் என்று அவரிடம் சொல்லவில்லை.

மூன்றாவது முறையும் கால் வந்தது. மெஷினைத் திறந்தேன். உள்ளே அதே ஒற்றைப் போர்வை. பக்கத்து முக்காலியில், நான் போடச் சொன்ன பெரிய துண்டு, மடிப்புக் கலையாமல், சொட்டு ஈரம் படாமல் உட்கார்ந்திருந்தது. நான் துண்டைப் பார்த்தேன். அந்த அம்மா என்னைப் பார்த்தார். பிள்ளைகள் திருட்டுத்தனம் பிடிபட்டால் ஒரு சிரிப்புச் சிரிப்பார்களே, அப்படிச் சிரித்தார்.

"தெரிஞ்சுதான் போட்டேன் தம்பி. ஒத்தையாப் போட்டா தட்டும். தட்டினா நின்னுடும். நின்னா உங்க ஆபீசுக்குப் போன் பண்ணலாம், யாராவது வருவாங்க. காரணம் இல்லாம யாரைக் கூப்பிடுறது?"

காரணம் இல்லாமல் யாரைக் கூப்பிடுவது? தோழர்களே, தாய்மார்களே, இந்தக் கேள்விக்கு இந்த மண்டபத்தில் பதில் வைத்திருப்பவர் யார்? உங்கள் போனை எடுத்துப் பாருங்கள். அதில் எத்தனை பேரை ஒரு காரணமும் இல்லாமல் நீங்கள் கூப்பிடலாம்? எத்தனை பேர் உங்களைக் கூப்பிடுவார்கள்? அப்படிக் கூப்பிட்டால் எடுத்தவுடனே நாம் என்ன கேட்கிறோம்? "சொல்லுங்க, என்ன விஷயம்?" விஷயம் இல்லாதவன் என்ன சொல்வான்? ஒரு கோளாறைச் சொல்லித்தான் ஆகவேண்டும். அது இல்லையென்றால் உண்டாக்கித்தான் ஆகவேண்டும்.

சும்மா, சும்மா என்கிறோமே, அந்தச் சொல்லை ஒரு தரம் பிரித்துப் பாருங்கள், போர்டைப் பிரிப்பதுபோல் பிரித்துப் பாருங்கள். வேலை இல்லாதவன் சும்மா இருக்கிறான். விலை இல்லாதது சும்மா கிடைக்கிறது. விளையாட்டுக்குச் சொன்னதைச் சும்மா சொன்னேன் என்கிறோம். எங்கே வந்தாலும் அதற்கு 'ஒன்றுமில்லை' என்றுதான் பொருள். ஆனால் ஒருவர் உங்கள் வாசலில் வந்து நின்று, "சும்மா, உன்னைப் பார்த்துட்டுப் போகலாம்னு வந்தேன்" என்று சொன்னால்? அங்கே ஒன்றுமில்லையா? கடன் கேட்க வரவில்லை, காரியம் சாதிக்க வரவில்லை, பத்திரிகை வைக்க வரவில்லை, வேறு எதற்கும் வரவில்லை, நீ இருக்கிறாய் என்பதற்காக வந்தேன் என்றல்லவா பொருள்? மற்ற இடமெல்லாம் காலியாக இருக்கிற அந்தச் சொல் அந்த ஒரு வாசலில் மட்டும் நிறைந்து போகிறது. அந்தச் சொல்லைத்தான் தோழர்களே, நாம் ஒரு குற்றத்துக்குப் பெயராக வைத்திருக்கிறோம்.

பெல்ட்டு தம்பி எழுந்து நிற்கிறார். சொல்லு தம்பி. "அதுக்காக எல்லாரும் மெஷினை ஆட்டிவிட்டுட்டுக் கூப்பிட்டா நாம பொழைக்கிறது எப்படிண்ணே?" நியாயமான கேள்வி. உட்கார், பதில் சொல்கிறேன்.

நீ கவலைப்படாதே, அந்த அம்மா இப்போது கூப்பிடுவதில்லை. உன் தீர்மானம் நிறைவேறுவதற்கு முன்பே நிறைவேறிவிட்டது. நம் சங்க அலுவலகத்தில் போன் எடுக்கிற பெண், கடைசி முறை, "இனிமே சும்மா சும்மா கூப்பிடாதீங்கம்மா" என்று சொல்லிவிட்டாள். அவள் கடமையைச் செய்தாள். அந்த அம்மாவும், ஒரு காலத்தில் போன் எடுத்தவர் அல்லவா, "சரிம்மா, லைனை வெச்சிடுறேன்" என்று வைத்துவிட்டார். அதன் பிறகு அந்த வீட்டிலிருந்து ஒரு புகாரும் இல்லை. புகார் இல்லாத வாடிக்கையாளர் என்று நாம் மகிழ்ந்தோம்.

எனக்கு மட்டும் அந்த நடையும், அந்த முக்காலியும், அந்தத் துண்டும் கண்ணைவிட்டுப் போகவில்லை. ஒரு விடுமுறை நாள் மத்தியானம் போனேன். கதவைத் தட்டினேன். உள்ளே காலடிச் சத்தம் கதவு வரைக்கும் வரவில்லை. நடையின் பாதியில் திரும்பி மெஷின் பக்கம் போனது. தட்டுவது மெஷின்தானா என்று பார்க்கப் போயிருக்கிறார். மறுபடியும் தட்டினேன். அப்புறம்தான் கதவு திறந்தது. முதலில் என் கையைத்தான் பார்த்தார்.

"பையைக் காணோம்?"

"கொண்டு வரலக்கா." அம்மா என்பது போய், அக்கா என்று தானாக வந்தது.

"நான் கம்ப்ளெயின்ட் குடுக்கலையே தம்பி?"

"தெரியும்க்கா. சும்மா வந்தேன்."

"சும்மாவா?"

"சும்மாதான்."

கதவைப் பிடித்த கை அப்படியே இருந்தது. பிறகு உள்ளே போனார். டீயோடு வந்தார். தட்டில் இரண்டு கோப்பை இருந்தது. இரண்டாவது கோப்பையின் அடியில் கடைக்காரர் ஒட்டின சீட்டுகூட இன்னும் கிழியவில்லை.

பெரிதாக ஒன்றும் பேசிவிடவில்லை நாங்கள். பேச்சுப் பழக்கம் விட்டுப்போன இரண்டு பேர் உட்கார்ந்தால் என்ன பேசுவார்கள்? மேடையில் இப்படி மடை திறந்து பேசுகிறேனே, அந்த வீட்டில் என்ன பேசினேன் தெரியுமா? டீ நன்றாக இருக்கிறது என்று நான் ஒரே மாதிரி மூன்று தரம் சொன்னேன். கிளம்பும்போது கேட்டார்.

"உங்க வீட்டு மெஷின் எப்படி ஓடுது தம்பி?"

"நல்லா ஓடுதுக்கா" என்றேன்.

பொய். அவையோரே, அது பொய். என் வீட்டு மெஷினும் தட்டுகிறது.

என் வீட்டுக்காரி இருந்தவரைக்கும் அதில் இரண்டு போர்வை சுற்றிக்கொண்டிருந்தது, சத்தமில்லாமல் சுற்றியது. அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். இப்போது ஒன்று சுற்றுகிறது. எதிர்த்துணி போடத் தெரியாதவனா நான்? ஊருக்கெல்லாம் சொன்னவன் நான். அவளுடைய போர்வை அலமாரியில் மடித்தபடி இருக்கிறது, எடுத்துப் போட்டால் ஆட்டம் நின்றுவிடும். எடுக்க மனம் வரவில்லை. போன வாரம் அது தட தட என்று தட்டியபோது நான் எழுந்து போய் வாசல் கதவைத் திறந்தேன். இந்தச் சத்தத்திலேயே நரைத்த காது இது. தட்டுவது மெஷின்தான் என்று நன்றாகத் தெரிந்துதான் போய்த் திறந்தேன்.

அந்த அக்காவுக்காவது மெஷின் நின்றால் கூப்பிட ஒரு மெக்கானிக் இருந்தான். மெக்கானிக் வீட்டு மெஷின் நின்றால் அவன் யாரைக் கூப்பிடுவான்?

மின்விசிறிச் சத்தம் இங்கே வரைக்கும் கேட்கிறது. தலைவர் அவர்களே, தங்கள் கண்ணாடியைத் துடைத்தது போதும், முடித்துவிடுகிறேன்.

தம்பி, நீ கேட்டதற்குப் பதில் இதுதான். கோளாறு உள்ள வீட்டுக்குப் பையோடு போவோம், அது நம் பிழைப்பு. கோளாறு இல்லாத வீட்டுக்கு, எப்போதாவது ஒரு நாள், பை இல்லாமல் போவோம். அவர்கள் கூப்பிடுவதற்கு முன்னால் நாம் போய்விட்டால் அவர்கள் எதற்காக மெஷினை ஆட்டிவிடப் போகிறார்கள்? அந்த மூன்றாம் மாடி என் பொறுப்பு, யாரும் மூச்சு வாங்க வேண்டாம். ஆனால் இந்தத் தீர்மானத்துக்கு யாரும் கை தூக்காதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன், தூக்காதீர்கள். வால்வை மாற்றலாம், பம்பை மாற்றலாம், கம்பியை மாற்றலாம், போர்டையே மாற்றலாம். ஆள் இல்லாத எதிர்ப்பக்கத்துக்கு மட்டும் எந்தக் கடையிலும் உதிரிபாகம் கிடையாது. அங்கே ஆள்தான் போகவேண்டும்.

இவ்வளவு நேரம் என்னைச் சகித்த அவைக்கு நன்றி. கடிகாரத்தை மறந்த செயலாளருக்கு நன்றி. தீர்மானத் தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டிருக்கும் பெல்ட்டு தம்பிக்குத் தனி நன்றி. நான் பார்த்துவிட்டேன் தம்பி. என் வீடு எங்கே இருக்கிறதென்று உங்கள் எல்லோருக்கும் தெரியும். இந்தப் பக்கம் வந்தால் ஒரு நாள் வந்து தட்டுங்கள். மெஷினைப் பார்க்க வேண்டாம், பை கொண்டுவர வேண்டாம். என்ன விஷயம் என்று நான் கேட்கமாட்டேன். கோப்பை இரண்டாக வாங்கி வைத்திருக்கிறேன்.

சும்மா வாருங்கள். வணக்கம்.